சந்தனமாரியின் ஆளுமைக் குறைபாடுகள்

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் துணி காயாது. உள்ளூர்க்காரர்கள் எல்லோருக்கும் இது தெரியும் என்பதாலேயே யாரும் இதைப் பற்றி யோசித்ததில்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் காலையில் ஓர் அருவி, மத்தியானம் ஓர் அருவி, சாயங்காலம் ஓர் அருவி என்று குளித்துத் தீர்ப்பார்கள். மறுநாள் விடிந்ததும் விடுதி அறைக்குள் கட்டிய கொடியில் அத்தனையும் சொட்டச் சொட்டத் தொங்கும். உடுத்த ஒன்றும் இல்லாமல் போர்வையைச் சுற்றிக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். மின்விசிறியின் இறக்கையில் வேட்டியைக் கட்டிச் சுழலவிட்டு, வேட்டியும் விசிறியும் ஒன்றாகக் கீழே வந்த கதை விடுதிக்கு ஒன்று உண்டு.

பக்கத்து ஊர் இலஞ்சியின் சந்தனமாரி இதில் ஒரு தொழில் இருப்பதைக் கண்டுபிடித்தது அறிவினால் அல்ல, எரிச்சலினால். ஒரு சீசனுக்கு அவள் கணவன் மாடக்கண்ணுவின் சொந்தக்காரர்கள் திருப்பூரிலிருந்து ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். அவர்கள் குளிக்கக் குளிக்க, இவள் வீட்டில் நடக்க வழியில்லாமல் ஈரத்துணி தொங்கியது. பொறுக்க முடியாமல் ஒருநாள் எல்லாவற்றையும் வாரிச் சுருட்டி, வீட்டுக்குப் பின்னால் மாமனார் போட்டிருந்த கொப்பரைக் கொட்டகைக்குள் கொண்டுபோய் வீசினாள். அங்கே மூங்கில் பரணில் தேங்காய்ப் பருப்பு காய்ந்துகொண்டிருந்தது. கீழே குழியில் புகையாமல் கனன்ற சிரட்டைக் கங்கு. பொழுது சாய்வதற்குள் துணியெல்லாம் அப்பளமாகக் காய்ந்துவிட்டது. கூடவே லேசான தேங்காய் வாசனை. திருப்பூர்க்காரர்கள் அந்த வாசனை பிடித்துப்போய், நனையாத துணியையும் நனைத்துக் கொடுத்தார்கள்.

அடுத்த சீசனில் இரண்டு விடுதிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வந்தது. பக்கத்து வீட்டுப் பேராச்சி கங்கு பார்த்துக்கொண்டாள். சந்தனமாரி ஸ்கூட்டியில் போய் எடுத்து வந்து, மடித்துத் திரும்பக் கொடுத்தாள். ஆனால் விடுதியில் தங்காமல் காலையில் வந்து மாலையில் திரும்புகிற கூட்டம்தான் பெரிய கூட்டம். அவர்களைப் பிடிக்க வேண்டுமென்றால் அருவிக்குப் போகிற சாலையிலேயே ஒரு கடை வேண்டும். அந்தச் சாலையில் கடை கிடைப்பதைவிட அருவியை வேறு ஊருக்கு மாற்றுவது சுலபம்.

ஜோத்பூர்ப் பக்கம் ராணுவத்தில் இருந்த மாடக்கண்ணுவுக்கு இந்தத் தொழிலே விளங்கவில்லை.

"ஏட்டி, இங்கன துணிய ஒரு உதறு உதறினா காஞ்சிருது. அதுக்குப் போயி எவன் துட்டு குடுப்பான்?" என்று போனில் கேட்டான்.

"அங்கன அருவி இருக்கா?"

"மணல்தான் இருக்கு."

"அப்ப மணலப் பாத்துக்கிட்டு இருங்க" என்று வைத்துவிட்டாள்.

அப்போதுதான் தென்காசியில் இருந்த 'தொழில்முனைவோர் குணநல மேம்பாட்டு மையம்' அருவிச் சாலையில் தான் கட்டிய கடைகளில் ஒன்று காலியாக இருப்பதாக அறிவித்தது. வாடகை சொற்பம்தான். மையம் வழங்கும் ஆளுமைத் தகுதிச் சான்று இருந்தால் போதும். சாரல் இன்னும் சில வாரங்களில் ஆரம்பித்துவிடும். சந்தனமாரி அன்றைக்கே போய்ப் பெயர் கொடுத்தாள்.

மையம் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் இருந்தது. கீழே முகூர்த்தம் நடக்கும்போது மேலே பேச்சு கேட்காது என்பதால், கெட்டிமேளம் முடியும்வரை பயிற்றுநர்கள் வாயை மட்டும் அசைப்பார்கள்; பயிற்சி பெறுகிறவர்கள் தலையை அசைப்பார்கள். அதனால் எதுவும் குறைந்துவிட்டதாக யாரும் புகார் செய்ததில்லை.

முதல் நாள் இயக்குநர் பாண்டித்துரை உரையாற்றினார். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் மூன்று பேனா, எப்போதும் பின்வரிசைக்கும் பின்னால் இருக்கிற யாரையோ பார்த்துப் பேசுகிற கண்கள்.

"நண்பர்களே! வெற்றிகரமான தொழிலுக்கு என்ன தேவை? பணமா? இல்லை. இடமா? இல்லை. சரக்கா, வாடிக்கையாளரா? இல்லவே இல்லை. குணம்! பதினோரு குணங்கள்! பொறுமை, விடாமுயற்சி, துணிவு, சுயமாக முடிவெடுத்தல் என்று தொடங்கி, பதினோராவதாகிய தோல்வி அனுபவம் வரையில் ஒவ்வொரு குணத்துக்கும் இங்கே தனிப் பிரிவு இருக்கிறது. இந்தக் குணங்கள் இருந்தால் போதும், மற்றவை இல்லாமலேயே ஒரு நிறுவனம் நடக்கும் என்பதற்கு நம் மையமே சாட்சி. நம்மிடம் சரக்கு உண்டா? கிடையாது. வாடிக்கையாளர் உண்டா? கிடையாது. நடக்கவில்லையா?"

கைதட்டினார்கள்.

"நான் இதுநாள்வரை ஒரு பெட்டிக்கடைகூட வைத்ததில்லை. இதைப் பெருமையோடு சொல்கிறேன். வைத்திருந்தால் கடையைக் கவனித்துக்கொண்டிருப்பேன். குணங்களைப் பற்றிச் சிந்திக்க நேரம் கிடைத்திருக்குமா?"

இதற்கும் கைதட்டினார்கள். சந்தனமாரியும் தட்டினாள். பதினோரு குணத்தில் தனக்கு ஒன்றாவது தேறுமா என்று யோசித்துப் பார்த்தாள். பொறுமை கிடையாது என்று மாமியார் சொல்லியிருக்கிறாள். விடாமுயற்சி கிடையாது, தட்டச்சு வகுப்பைப் பாதியில் விட்டவள். துணிவு என்று பார்த்தால், பல்லிக்குப் பயம். இப்படி ஒன்றுமே இல்லாமல் போன சீசன் எப்படித்தான் தொழில் நடந்தது என்று அவளுக்கே ஆச்சரியமாகவும் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

பொறுமைத் தேர்வு மாடி வராந்தாவில் கிடந்த பெஞ்சில் நடந்தது. கூப்பிடும்வரை வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். விடியற்காலையிலேயே எழுந்து கொட்டகையைக் கூட்டி மெழுகிவிட்டு வந்திருந்த சந்தனமாரி உட்கார்ந்ததும் தூங்கிப்போனாள். எழுப்பியபோது, பொறுமையில் மையத்தின் வரலாற்றிலேயே அதிக மதிப்பெண் பெற்றிருந்தாள். ஆனால் அதே பெஞ்சில் அடுத்ததாக விடாமுயற்சித் தேர்வும் முடிந்திருந்தது. அதில், கதவு திறக்கும்வரை விடாமல் தட்டியிருக்க வேண்டுமாம்.

"பொறுமை எப்ப முடிஞ்சு முயற்சி எப்ப ஆரம்பிச்சுதுன்னு யாரும் சொல்லலயே?" என்று கேட்டாள்.

"அத உணருறதுதான் மேடம் ஆளுமை" என்றாள் துணை இயக்குநர் ஜெயபிரியா. கோயம்புத்தூரில் நிர்வாகம் படித்துவிட்டு வந்த பெண். கையில் எப்போதும் ஒரு கோப்பு. அவள் எங்கே நின்றாலும் அந்த இடம் ஓர் அலுவலகமாகிவிடும்.

பிறகு மூன்று நாள் கதவைத் தட்டி சந்தனமாரி விடாமுயற்சியில் தேறினாள். நான்காம் நாள் தட்டாதபோது ஏன் தட்டவில்லை என்று கதவைத் திறந்து கேட்டார்கள்.

சுயமாக முடிவெடுக்கும் குணத்துக்கு ஒரே ஒரு தாள் போதும் என்றார்கள். அது கணவரின் சம்மதக் கடிதம்.

"நான் சுயமா முடிவெடுக்கதுக்கு அவிய எதுக்குங்க சம்மதிக்கணும்?"

"சுயமா முடிவெடுக்க உங்களுக்கு அனுமதி இருக்குன்னு எங்களுக்குத் தெரிய வேண்டாமா மேடம்? நாளைக்கு அவங்க வந்து சண்டை போட்டா?"

மாடக்கண்ணுவிடம் சொன்னாள். ராணுவத்தில் எதையும் தனியாகச் செய்து பழகாத அவன், அதை முறைப்படி மேலதிகாரிக்கு அனுப்பினான். மேலதிகாரி தமக்கு மேலே அனுப்பினார். முத்திரை மேல் முத்திரையாக ஒருநாள் பதில் வந்து சேர்ந்தது: ஹவில்தார் மாடக்கண்ணுவின் மனைவி சுயமாக முடிவெடுப்பதால் எல்லைப் பாதுகாப்புக்கு இடையூறு எதுவும் இல்லை. ஜெயபிரியா அதைப் படித்துவிட்டு எழுந்து நின்றாள். அதைச் சட்டம்போட்டு மாடிப்படிக்கு எதிரே மாட்டினார்கள்.

துணிவுத் தேர்வுதான் அவளைக் கவிழ்த்தது. மையத்தில் அதற்கு நல்ல வசதி இருந்தது. கீழே நடக்கிற கல்யாணத்தில் அழைப்பில்லாமல் நுழைந்து, பந்தியில் உட்கார்ந்து, பாயசம் வரை சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். பிடிபட்டால் தைரியமாகச் சமாளிக்க வேண்டும். சந்தனமாரி முருகனை நினைத்துக்கொண்டு படி இறங்கினாள். பந்தியில் ஓரமாக ஓர் இலைக்கு முன்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்தாள். சாம்பார் வந்த நேரம், பின்னாலிருந்து ஒரு கை அவள் தோளைப் பிடித்தது.

"ஏட்டி, நீ இங்கனயா இருக்க?"

நிமிர்ந்தாள். வடகரைச் சித்தி. மாடக்கண்ணுவின் சித்தப்பா பெண்டாட்டி. அதற்கு அடுத்தபடியாகத்தான் மணமேடையில் இருந்த பெண்ணின் முகம் அவள் கண்ணில் பட்டது. சித்தியின் மூத்த மகள்.

"தாலி கட்டி எம்புட்டு நேரமாச்சு, இப்பத்தான் வாரியா? பத்திரிக்கையக் கையில குடுத்தோம்லா? மாடக்கண்ணு பட்டாளத்துல கெடக்கான், நீயாவது முந்துன நாளே வரக் கூடாதா? வந்தவ முன்னால வராம, பந்தி ஓரத்துல ஒளிஞ்சி உக்காந்துருக்கா பாரு!"

பத்திரிகை வந்தது உண்மைதான். குணங்களின் நினைப்பில் கல்யாணத்தை மறந்தே போயிருந்தாள். அப்புறம் என்ன, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மூன்று பந்திக்குப் பரிமாறினாள், மொய் எழுதினாள், மாப்பிள்ளை வீட்டாருக்கு வெற்றிலை கொடுத்தாள். மாலையில் கையில் தாம்பூலப் பையோடு படியேறி வந்தபோது ஜெயபிரியா கோப்பைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள்.

"மேடம், நீங்க முறையா அழைக்கப்பட்டிருக்கீங்க. இது செல்லாது."

"எனக்கு அது தெரியாதுங்க. திருட்டுத்தனமாத்தான் போனேன். சத்தியமா!"

"சாப்பாடு அழைப்போடதான? அப்ப ஆபத்து எங்க?"

"வடகரைச் சித்தி வாயில விழுந்ததவிட ஆபத்து வேற என்னம்மா வேணும்?" என்றாள். அது எடுபடவில்லை. கடைசியில், அடுத்த முகூர்த்தத்தில் யாரோ விருதுநகர்க்காரர்களின் கல்யாணத்தில் அவளை நுழையவைத்தார்கள். அங்கே யாரும் யாரென்று கேட்காமல் இரண்டாவது பாயசம் ஊற்றி, தேங்காய்ப் பை கொடுத்து அனுப்பினார்கள். துணிவு தேறியது.

இப்படியாக ஒவ்வொன்றாகத் தேறிக்கொண்டே வந்தாள். அதற்குள் சாரல் பிடித்துவிட்டது. மேற்கே மலை காணாமல் போயிற்று. அருவிச் சாலையில் வேன்கள் வரிசைகட்டின. ஈரத்துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு ஜனங்கள் நடந்தார்கள். அந்தக் காலிக் கடையின் இரும்புக் கதவு மூடியே கிடந்தது. ஸ்கூட்டியில் அதைத் தாண்டும்போதெல்லாம் சந்தனமாரிக்கு வயிறு எரிந்தது.

"ஒரே ஒரு குணம்தான் பாக்கி மேடம்" என்றாள் ஜெயபிரியா. "தோல்வி அனுபவம். உங்க கோப்புல அந்த இடம் காலியா இருக்கு. நீங்க எந்தத் தொழில்ல தோத்திருக்கீங்க?"

"இது ஒண்ணுதான் செஞ்சேன். இது நடந்துட்டுது."

"அடடா." ஜெயபிரியா உண்மையாகவே வருத்தப்பட்டாள். "தோற்காம ஜெயிச்சா அது வெற்றி இல்ல மேடம். தற்செயல். தற்செயலுக்குக் கடை குடுக்க விதி இல்ல."

"ஏம்மா, போன வருசம் சீசன் முடிஞ்சதும் வேல இல்லாம இருந்தேனே, அது?"

"அது ஓய்வு."

ஆனால் மையம் யாரையும் கைவிடுவதில்லை. தோல்வி அனுபவம் இல்லாத துரதிர்ஷ்டசாலிகளுக்காக 'மேற்பார்வையிடப்பட்ட தோல்வி' என்று ஒரு திட்டம் வைத்திருந்தார்கள். மையம் தேர்ந்தெடுக்கும் ஒரு பொருளைக் கடை விரித்து, ஒருநாள் முழுக்க விற்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். மேற்பார்வைக்கு மையத்தின் தோல்விப் பயிற்றுநர் தாணு வருவார்.

வீரகேரளம்புதூர்த் தாணுவைத் தெரியாதவர்கள் மையத்தில் இல்லை. காளான், காடை, ஈமு கோழி, தண்ணீர் கேன், கம்ப்யூட்டர் சென்டர் என்று தொட்டது எல்லாவற்றிலும் முறையாகத் தோற்றவர். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு தோல்வியைச் சொல்வார். கேட்கிறவர்கள் கண்கலங்குவார்கள். மையம் அதற்காக அவருக்கு மதிப்பூதியம் கொடுத்தது. அவர் வாழ்க்கையில் நிலையாக நடந்த தொழில் அது ஒன்றுதான்.

தோல்விக் குழு கூடி யோசித்துப் பனையோலை விசிறியைத் தேர்ந்தெடுத்தது. உடம்பு வெடவெடக்கிற சாரலில், குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வருகிற கூட்டத்திடம் கைவிசிறியை யார் வாங்குவார்கள்? குற்றமே சொல்ல முடியாத தேர்வு. அருவிச் சாலையில் ஒரு புங்கமரத்தடியில் தார்ப்பாய் கட்டி, விசிறிகளை அடுக்கிவைத்துக்கொண்டு சந்தனமாரி உட்கார்ந்தாள். பக்கத்தில் குடைக்குள் தாணு.

"பயப்படாதீங்கக்கா" என்றார். "தோக்கது ஒண்ணும் கஷ்டமில்ல. முதல்ல கொஞ்சம் கூச்சமா இருக்கும். பெறகு பழகிரும்."

நாலைந்து பேர் பார்த்தார்கள். சிரித்துக்கொண்டே போனார்கள். ஒருவர் தன் பிள்ளைக்குக் காட்டி, "பாவம், மண்ட சரியில்ல போல" என்றார். சந்தனமாரிக்கு நம்பிக்கை பிறந்தது. இந்தப் போக்கில் போனால் சாயங்காலம் சான்றிதழ்.

எதிரே சோளக்கதிர் சுட்டு விற்கிற மிஸ்ரியா அக்கா கொஞ்ச நேரமாக இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். சாரலில் அவள் கரி பிடிக்கவே இல்லை. விசிறிக்கொண்டிருந்த அட்டை நனைந்து கூழாகிவிட்டிருந்தது. எழுந்து வந்தாள்.

"ஏளா, அந்த விசிறி என்ன வெல?"

சந்தனமாரி விசிறிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "விக்கதுக்கு இல்லக்கா."

"பின்ன என்னத்துக்குக் கடை விரிச்சிருக்க?"

"விக்காம இருக்கதுக்கு."

மிஸ்ரியா தாணுவைப் பார்த்தாள். "இவளுக்கு என்ன செய்யுது? பேய்கீய் பிடிச்சிருக்கா?"

"அக்கா, உங்கள கும்பிட்டுக் கேக்கேன், போயிருங்க. ஒண்ணு வித்தாலும் எனக்குக் கடை போயிரும்."

"வெலயக் கூட்டிக் கேக்கதுக்கு என்னமா நடிக்கா பாரு!" என்று மிஸ்ரியா மடியிலிருந்து காசை எடுத்துத் தார்ப்பாயில் வீசிவிட்டு, இரண்டு விசிறிகளை உருவிக்கொண்டு போய்விட்டாள். கரி பிடித்துக்கொண்டது. தீப்பொறி பறந்தது. அது போதும். அந்தச் சாலையில் அருவிவரைக்கும் சோளக்கதிர்க்காரர்கள்தான். ஒவ்வொருவராக வந்தார்கள். சந்தனமாரி விசிறிகளைச் சேலைக்குள் மறைத்தாள். மறைக்க மறைக்க, தட்டுப்பாடு என்று எண்ணி முந்தினார்கள். விலையை மும்மடங்கு சொன்னாள், கொடுத்தார்கள். கடைசி விசிறியின்மேல் அவள் ஏறி உட்கார்ந்துகொண்டாள். ஒருவர் அவளை எழுப்பி எடுத்துக்கொண்டு போனார்.

தாணு குடைக்குள் வாய்பிளந்து நின்றார். "எனக்கு ஒரு நாளாவது இப்பிடி வாய்ச்சிருந்தா..." என்று ஆரம்பித்து, தன் பதவி ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்.

மையத்தில் கூட்டம் கூடியது. இயக்குநர் பாண்டித்துரை அவளைத் தந்தைபோல் பார்த்தார்.

"அம்மா, உங்களிடம் எல்லாம் இருக்கிறது. ஆனால் தோற்கும் திறன் இல்லை. அது பெரிய குறை. எத்தனையோ பேருக்குத் தானாக வருகிறது. உங்களுக்கு நாங்கள் இத்தனை வசதி செய்து கொடுத்தும் வரவில்லையே!"

"சார், கதிர் சுடுதவங்களுக்கு விசிறி வேணும். அது எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அதுக்கு நான் என்ன செய்ய?"

"பார்த்தீர்களா, காரணத்தை வெளியே தேடுகிறீர்கள். வெற்றிக்குக் காரணம் சூழ்நிலை என்று சொல்கிறவருக்கு ஆளுமை வளர்வதில்லை."

சந்தனமாரிக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "உம்ம ஆளுமையும் நீரும்! நான் ஒரு வார்த்த சொல்லட்டா? மழை பெய்யுது, துணி நனையுது, எங்கிட்ட கொட்டகை இருக்கு. இதுல குணம் எங்கன வருது?" என்று மாடி அதிரக் கத்தினாள். கீழே நாதஸ்வரம் ஒரு கணம் நின்றுவிட்டுத் தொடர்ந்தது. ஜெயபிரியா கோப்பில் 'உணர்ச்சிக் கட்டுப்பாடு: மறுபரிசீலனை' என்று குறித்துக்கொண்டாள்.

பதினோரு குணங்களும் குறைவறப் பொருந்தியவர் என்று அந்தக் கடை தாணுவுக்கு ஒதுக்கப்பட்டது.

மறுநாள் தாணு இலஞ்சிக்கு வந்தார். கொட்டகை வாசலில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, சாவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி நின்றார். பேராச்சி உள்ளே கங்கைக் கிளறிக்கொண்டே, "யாரு, உன் கடைய முழுங்குனவரா?" என்று கேட்டாள்.

"அக்கா, நான் கேக்கல. அவிங்களாத்தான் குடுத்தாவ" என்றார் தாணு. "திறக்காட்டா மதிப்பூதியத்த நிப்பாட்டிருவாவளாம். என்ன கடை போடன்னு தெரியல. பொம்மை போடலாமான்னு பாக்கேன்."

"போடுங்க, விளங்கும்" என்றாள் சந்தனமாரி. அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தாள். மனுஷன் நிஜமாகவே பயந்துபோயிருந்தார். புதிதாகத் தோற்க அவரிடம் தெம்பு இல்லை.

"இந்தா பாருங்க அண்ணாச்சி. பொம்மையும் வேண்டாம், மண்ணும் வேண்டாம். கடை உங்க பேருல இருக்கட்டும். நீங்க அங்கன உக்காந்து ஈரத்துணிய வாங்கி அடையாளத் துணி கட்டி வைக்கணும். நான் வந்து எடுத்துட்டுப் போயிக் காயவச்சுக் கொண்டாந்து தாரேன். வாரதுல பாதி உங்களுக்கு."

"நான் தொட்டா விளங்காதுக்கா" என்றார் தாணு. அதில் ஒரு தொழில்காரரின் நேர்மை இருந்தது.

"நீங்க தொடுறது ஈரத்துணிதான. அது அதுக்கு மேல கெடாது."

கடை திறந்த வாரத்திலேயே மூட்டை வைக்க இடமில்லை. வேனில் வந்தவர்கள் காலையில் கொடுத்துவிட்டு, அருவியில் மறுபடி நனைந்துவிட்டு, மாலையில் காய்ந்ததை உடுத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பினார்கள். குற்றாலத்திலிருந்து காய்ந்த துணியோடு ஊர் போய்ச் சேர்வது இத்தனை சுகமா என்று சொல்லிக்கொண்டு போனார்கள். தாணு கணக்காக அடையாளத் துணி கட்டினார், யார் வேட்டியும் யாரிடமும் மாறவில்லை. அவர் மனைவி முதன்முறையாக மத்தியானச் சாப்பாட்டைக் கடைக்கே கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்று அவரையே பார்த்தாள்.

மையத்துக்குச் செய்தி போயிற்று. பாண்டித்துரையும் ஜெயபிரியாவும் 'வெற்றி ஆய்வு' செய்ய வந்தார்கள். சீசனில் எந்த ஆய்வும் அருவியில்தான் ஆரம்பிக்கும் என்பதால், முதலில் குளித்துவிட்டு வந்தார்கள். ஈரத்துணியைக் கடையில் கொடுத்துவிட்டு, அது காய்ந்து வரும்வரை அவர் துண்டோடும் ஜெயபிரியா போர்வையோடும் உட்கார்ந்து தாணுவை விசாரித்தார்கள்.

"தாணு, இது எப்படி நேர்ந்தது?" பாண்டித்துரையின் குரலில் ஒரு தகப்பனின் வேதனை இருந்தது. "நீங்கள் நம் தோல்விப் பயிற்றுநர். நாளைக்கு வகுப்பில் என்ன முகத்தோடு நிற்பீர்கள்?"

"நான் ஒண்ணும் செய்யல சார். இந்த அக்காதான்..."

"வெற்றி பெற்றவர் தோல்வி வகுப்பு எடுக்க முடியாது. விதி. உங்களை அந்தப் பொறுப்பிலிருந்து விடுவிக்கிறோம். அதோடு, இந்தக் கடைகள் தொடங்குகிறவர்களுக்கானவை. வெற்றி பெற்றவர் காலி செய்து அடுத்தவருக்கு வழிவிட வேண்டும். சீசன் முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிடுங்கள்."

தாணு சந்தனமாரியைப் பார்த்தார். ஸ்கூட்டியிலிருந்து மூட்டையை இறக்கிக்கொண்டிருந்த அவளுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. தோற்றால் கடை உண்டு, ஜெயித்தால் இல்லை என்பது அவளுக்கு இப்போதுதான் முழுசாக விளங்கியது. இதில் அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மூட்டையை இறக்கி முடித்தாள்.

"சார், தாணு அண்ணாச்சி இடத்துக்கு ஆள் எடுத்தாச்சா?"

"அதுதான் பெரிய கவலை" என்றார் பாண்டித்துரை, துண்டைச் சரிசெய்தபடி. "தோற்றவர்கள் ஊரில் நிறைய. ஆனால் மையத்தின் பயிற்சியை முழுவதும் பெற்று, அதற்குப் பிறகும் முறைப்படி தோற்றதாகப் பதிவாகியிருக்க வேண்டும். அப்படி ஒருவரும் இல்லையே. எங்கள் பயிற்சியில் எல்லோருமே தேறிவிடுகிறார்கள்."

ஜெயபிரியா கோப்பைப் புரட்டினாள். நிறுத்தினாள். மெல்ல நிமிர்ந்தாள். "சார்... ஒருத்தங்க இருக்காங்க."

துண்டு கட்டிய இயக்குநர் எழுந்து சந்தனமாரிக்குக் கைகூப்பினார்.

"வாரேன் சார்" என்றாள் சந்தனமாரி. "ஆனா ஒரு சந்தேகம். பயிற்றுநரா சேந்தவங்க இந்தக் கடை கேக்கணும்னா, அவங்களுக்கும் சான்றிதழ் வேணுமா?"

"என்னம்மா கேள்வி இது? குணங்களைக் கற்பிக்கிறவர்களுக்கே குணம் இருக்கிறதா என்று சோதிக்க முடியுமா? எங்களில் யாருக்கும் சான்றிதழ் கிடையாது!"

"அப்ப சாவிய எங்கிட்ட குடுங்க. தாணு அண்ணாச்சி அங்கனயே இருக்கட்டும்."

ஆவணிக் கடைசியில் வெயில் வந்தது. குற்றாலத்தில் கூட்டம் வடிந்தது. கொட்டகையில் மறுபடி கொப்பரை காய்ந்தது. கடையின் உரிமைத் தாள் சந்தனமாரியின் பெயருக்கு மாறிய வாரத்தில், அவளுடைய முதல் வகுப்பு நடந்தது. புதுச் சேலை கட்டிக்கொண்டு போனாள். கீழே கெட்டிமேளம் முடியும்வரை காத்திருந்தாள். எதிரே புதிய அணி. எல்லோரும் குறிப்பெடுக்கத் தயாராக இருந்தார்கள். பின்வரிசையில் பாண்டித்துரையும் ஜெயபிரியாவும்.

முன்வரிசையில் இருந்த ஒரு பெண், தேன் வடிகிற மரியாதையோடு எழுந்து கேட்டாள்.

"மேடம், நீங்க எந்தத் தொழில்ல தோத்தீங்க?"

"தொழில்ல எங்க மக்கா தோத்தேன்?" என்றாள் சந்தனமாரி. "இந்த மாடியிலதான் தோத்தேன்."

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். பின்வரிசையில் பாண்டித்துரை முதல் ஆளாக எழுந்து கைதட்டினார். தன் தோல்விக்கு இவ்வளவு துல்லியமாக இடம் சொன்ன பயிற்றுநர் மையத்துக்கு இதற்கு முன் கிடைத்ததில்லை.